கபிலன் போகாத தீவு

கபிலனுக்கு எரிமலை என்றால் உயிர். இத்தனைக்கும் ஓர் எரிமலையைக்கூட அவன் நேரில் பார்த்ததில்லை.

அரியலூர்ப் பக்கம், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கு நடுவில் வளர்ந்தவன். அங்கே மண்ணைக் கிளறினால் கிளிஞ்சல் வரும். எந்தக் காலத்திலோ பின்வாங்கிப் போன கடல் விட்டுச்சென்ற மிச்சம் அது. திருச்சியில் ஜியாலஜி படிக்கும்போது மற்ற ஊர்ப் பாறைகளையும் பார்த்தான். எல்லாம் எப்போதோ கொதித்து, ஆறி, அடங்கிப் போனவை. "நம்ம ஊர்ல எல்லாமே முடிஞ்சுபோன கதைடா" என்று ஹாஸ்டலில் சலித்துக்கொள்வான். எரிமலை மட்டும்தான் அவனுக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கும் கதை. அதே வகுப்பில் படித்த இளமதியிடம் அவன் முதன்முதலில் பேசியதும் எரிமலையைப் பற்றித்தான். கேன்டீனில் வாங்கிய டீ ஆறிப்போகும் வரை பேசினான். அவளும் டீயைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவே காதலாகி, கல்யாணமாகி, இருவரும் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்கள்.

சிங்கப்பூரில் ஜியாலஜி படித்தவனுக்கு வேலை நிறைய இருந்தது. ரயில் நிலையமோ அடுக்குமாடியோ கட்டுவதற்கு முன்னால் தரையில் துளைபோட்டு, உருளை உருளையாகப் பாறையை வெளியே எடுப்பார்கள். அதற்குக் 'கோர்' என்று பெயர். அதைப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, எந்த ஆழத்தில் என்ன பாறை, எங்கே விரிசல் என்று பார்த்துச் சொல்வது கபிலனின் வேலை. புக்கிட் தீமா பக்கம் என்றால் கருங்கல். காலாங் ஓரம் என்றால் பற்பசைபோலப் பிதுங்கும் கடல் களிமண். இப்படியே பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. கம்பெனியில் சீனியர் ஆனான். தோ பாயோவில் வீடும் வாங்கியாயிற்று.

இளமதிக்கும் அதே கம்பெனிதான். மகள் வர்ஷா பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு, குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு திரும்பி வந்தாள். வந்தவளுக்குப் பழைய இடம் கிடைக்கவில்லை. மற்றவர்கள் தட்டிக்கழித்த வேலைகள்தான் அவள் மேசைக்கு வந்தன. அதில் ஒன்று, செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பக்கம் போய் நிலத்தடி நீரின் சூட்டையும் உப்பையும் அளந்து வருவது. வெயிலோ மழையோ, போய் அளந்தாள். கபிலன் அதை "உன் வெந்நீர் டிபார்ட்மென்ட்" என்று கேலி செய்வான்.

பிறகு நிலத்தடிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுப்பது பற்றி ஊரே பேசத் தொடங்கியது. கம்பெனிக்கும் ஆசை வந்தது. கிரீஸ் நாட்டில் நிசிரோஸ் என்ற சின்ன எரிமலைத் தீவில் களப்பயிற்சி நடக்கப்போகிறது, ஓர் ஆளை அனுப்பலாம் என்று முடிவானது.

நிசிரோஸ் என்ற பெயரைக் கேட்டதும் கபிலன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கல்லூரி நாளிலிருந்தே அவன் மனப்பாடமாக வைத்திருந்த தீவு அது. துருக்கிக் கரைக்கு அருகே, ஏறக்குறைய வட்டமாகக் கடலிலிருந்து எழும்பிய ஒரே மலை. அதன் உச்சி என்றோ உள்ளுக்குள் இடிந்து விழுந்துவிட்டதால், நடுவில் கிண்ணம்போலப் பெரும் பள்ளம். பள்ளத்தின் தரையில் இன்னும் ஆவி கக்கிக்கொண்டிருக்கும் வாய்கள். போகப்போவது தான்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

மீட்டிங்கில் மேனேஜர் தங்கராஜு எழுந்தார். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், அந்த ஊர் வழக்கப்படி பேச்சின் முடிவில் 'லா' சேர்ப்பவர், சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவர்.

"நிசிரோஸுக்கு இளமதி போறாங்க. செம்பவாங் டேட்டா எல்லாம் அவங்க எடுத்ததுதான். ஃபேர் லா."

எல்லாரும் கைதட்டினார்கள். நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டிருந்த கபிலன், கைதட்டுவதற்காகத்தான் எழுந்ததுபோல முழுசாக எழுந்து நின்று தட்டினான்.

வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் இளமதி கேட்டாள். "என்ன, பேசாம வர்ற?"

"கங்கிராட்ஸ் சொன்னேன்ல?"

"சொன்ன. ஆபீஸ்ல எல்லாரும் சொன்ன மாதிரியே நீயும் சொன்ன."

அன்றிலிருந்து அவனால் சும்மா இருக்க முடியவில்லை. அவள் புது பூட்ஸ் வாங்கி வந்தாள். "இந்த சோல் தாங்காது, அங்க தரைச் சூடு என்னன்னு தெரியுமா?" என்றான். அவள் தீவின் வரைபடத்தை விரித்து வைத்துப் படித்தால், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து உச்சரிப்பைத் திருத்தினான். வர்ஷாவை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, சமையலறையில் இருப்பவளுக்கும் கேட்கும்படி உரக்கக் கதை சொன்னான். கடல் தெய்வத்துக்கும் ஒரு ராட்சசனுக்கும் சண்டை. ராட்சசன் கடலுக்குள் தப்பி ஓட, தெய்வம் பக்கத்தில் இருந்த கோஸ் தீவிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்து அவன்மேல் போட்டுவிட்டது. அந்தத் துண்டுதான் நிசிரோஸ். அடியில் மாட்டிக்கொண்டவன் இன்னும் முனகிக்கொண்டிருக்கிறான், அதனால்தான் அங்கே பூமி நடுங்குகிறது.

"இவ்ளோ தெரிஞ்சும் உங்களை ஏன்ப்பா அனுப்பல?" என்று கேட்டாள் வர்ஷா.

கபிலன் அவளை மடியிலிருந்து இறக்கிவிட்டான்.

சில நாள் கழித்து தங்கராஜு அவனை ஆபீஸ் பான்ட்ரியில் பிடித்தார்.

"கபிலன், சும்மா கேக்குறேன். அங்க கந்தக கேஸ் ஜாஸ்தியாம். மூச்சுத் தொந்தரவு உள்ளவங்களை உள்ள விட மாட்டாங்க. இளமதிக்கு அப்படி ஏதும் இல்லையே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளையே கேளுங்கள் என்றும் சொல்லியிருக்கலாம். கபிலன் கோப்பையில் கரண்டியைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

"ஒரு வருஷம் ஹேஸ் ரொம்ப மோசமா இருந்துச்சே, சுமத்ராக் காட்டுத்தீப் புகை. அப்போ அவளுக்கு வீசிங் வந்துச்சு சார். இன்ஹேலர்லாம் குடுத்தாங்க."

"ஓ. இப்போ?"

"இப்போ ஒண்ணும் இல்ல. ஆனா எரிமலை கேஸ் வேற மாதிரி. எதுக்கும் செக் பண்ணிக்கிட்டா நல்லது."

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அந்த வருடம் ஊர் முழுக்க இருமியது என்பதையும், அதற்குப் பிறகு இளமதி இன்ஹேலரைத் தொட்டதே இல்லை என்பதையும் மட்டும் அவன் சொல்லவில்லை.

தங்கராஜு நல்ல மனிதர், அதனால் பயந்துவிட்டார். இளமதி நுரையீரல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றார். கபிலனிடம் தனியாக, "ரெண்டு பேருக்குமே விசா போட்டு வெச்சிடுவோம் லா. அவங்களால முடியலன்னா நீங்க கிளம்ப வேண்டியதுதான்" என்றார். விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் கபிலன் அதை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தான். குளிக்கப் போகுமுன் ஒருமுறை, குளித்து வந்ததும் ஒருமுறை எடுத்துப் பார்த்தான்.

பரிசோதனைக்குப் போன அன்று இளமதி நேரத்தோடு வீடு திரும்பினாள். கபிலன் அடுப்பில் பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"டாக்டர் ஊதச் சொன்னார், ஊதினேன். நுரையீரல் நல்லா இருக்காம். போகலாம்னுட்டார்" என்றாள். பையை மேசைமேல் வைத்தாள். பிறகு, "ஹேஸ் வந்த வருஷத்தைப் பத்தி தங்கராஜு சாருக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

பருப்பு ஏற்கெனவே குழைந்துவிட்டிருந்தது. அவன் கிளறுவதை நிறுத்தவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

சாங்கி விமான நிலையத்தில் வர்ஷாவை முத்தமிட்டவள், கபிலனின் தோளை லேசாகத் தொட்டுவிட்டுப் போனாள்.

போன பிறகு குரல் செய்திகள் வரத் தொடங்கின. கபிலன் அவற்றைப் பேருந்தில், ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு கேட்டான்.

"கபி, கோஸ்லேர்ந்து படகுல வந்தோம். தூரத்துலேர்ந்து பாத்தா பச்சையா, சாதுவா இருக்கு. இதை எரிமலைன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. துறைமுகத்துல வெள்ளை வெள்ளையா வீடு. அந்தாண்ட ஒரு பீச், முழுக்கக் கறுப்புக் கூழாங்கல்லு. அலை திரும்புறப்போ கல்லெல்லாம் உருண்டு கடகடன்னு சத்தம் போடுது."

மறுநாள் இன்னொன்று. "ரோடு வெட்டின இடத்துல மலையோட உள்பக்கம் அப்படியே தெரியுது. கீழ லாவா, அதுக்கு மேல சாம்பல், அதுக்கு மேல வெள்ளையா நுரைக்கல்லு. கையில எடுத்தா காஞ்ச ரொட்டி மாதிரி கனமே இல்ல. இந்த ஊர்ல நல்ல தண்ணி ஊத்தே கிடையாதாம் கபி. மழைத் தண்ணியைத் தொட்டியில புடிச்சு வெச்சே காலத்தை ஓட்டியிருக்காங்க. ஆனா மண்ணு என்ன வளம்! சரிவு முழுக்கப் படி படியா வெட்டி பாதாமும் ஆலிவும் வெச்சிருக்காங்க."

அவள் சொன்ன ஒவ்வொன்றும் அவனுக்குத் தெரிந்ததுதான். அதுதான் அவனைப் பிடுங்கித் தின்றது. தன் பெட்டியைத் திறந்து தன் பொருளையே யாரோ ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவதுபோல இருந்தது. ஒரு படத்தில் அவள் சரிவில் இறங்க, தாடி வைத்த கிரேக்கர் ஒருவர் கை கொடுத்துக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டிருந்தாள். கபிலன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். அந்த மனிதரின் முகத்தைத் தாண்டி, அவர் காலடியில் கந்தகம் மஞ்சளாகப் பூத்திருந்த இடத்தில்தான் அவன் விரல் போய் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை வர்ஷாவைக் கூட்டிக்கொண்டு தேக்கா மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனான். ஊர்க்காரனும் கப்பல் பட்டறையில் வேலை பார்ப்பவனுமான ஷங்கர் எதிரே வந்தான். கையில் வாழையிலைக் கட்டு.

"என்னா கபிலா, வீட்டம்மா நாளைக்கு எரிமலைக்குள்ளயே இறங்கப் போறாங்களாமே! என் பொண்டாட்டி படத்தைக் காட்டி, 'நீங்க என்னை பக்கத்துல இருக்கிற பாத்தாம் தீவைத் தாண்டிக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா'ன்னு ஒரே திட்டு!"

"எரிமலைக்குள்ள எல்லாம் இல்ல" என்றான் கபிலன். "அடியில இருந்த சுடுதண்ணி ஆவியாகி வெடிச்ச பள்ளம் அது. அந்த வாய் வழியா லாவா வந்ததே கிடையாது."

"அப்படியா? பாத்தா பயங்கரமா இருக்கே."

"பாக்க அப்படித்தான் இருக்கும்."

வர்ஷா ஷங்கரின் கையைப் பிடித்து இழுத்தாள். "அங்கிள், எங்கம்மா வால்கேனோல வேலை பாக்குறாங்க. அப்பா மண்ணுல."

ஷங்கர் வாய்விட்டுச் சிரித்தான். கபிலனும் சிரித்தான். சுறாவுக்குப் பதில் வஞ்சிரம் வாங்கிக்கொண்டு வீடு வந்த பிறகுதான், எதை வாங்கப் போனோம் என்பதே அவனுக்கு நினைவு வந்தது.

மறுநாள் பிற்பகல், கோர் பெட்டிகள் அடுக்கிய கொட்டகையில் தனியாக வேலை செய்துகொண்டிருந்தான். போன் அடித்தது. இளமதி, வீடியோ அழைப்பு. அவள் இப்போது பள்ளத்துக்குள் நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். எடுத்தால் எல்லாவற்றையும் பார்க்கலாம். அவள் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். போனைக் கவிழ்த்து வைத்தான். அது பெட்டியின் மரத்தில் நடுங்கி நடுங்கி அடங்கியது. மறுபடி அடித்தது. அதையும் விட்டான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு குரல் செய்தி வந்து விழுந்தது. மாலை வரை அதைத் திறக்கவில்லை. வேலை முடிந்து கைகழுவிய பிறகு காதில் வைத்தான்.

இளமதி எதுவும் பேசவில்லை. போனை ஏதோ ஓர் ஆவி வாய்க்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறாள். உஸ்ஸென்று ஒரு சீறல். நடுவில் அது திணறிக் கொப்பளித்தது, பிறகு மறுபடி சீறியது. அடியில் சேறு குமிழ் விடும் சத்தம். அவ்வளவுதான். சத்தம் சட்டென்று நின்றது.

கபிலன் தரையில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பக் கேட்டான். தன் வாழ்நாள் ஆசை காதுக்குள் சீறிக்கொண்டிருக்க, அதை அனுப்பியவள் மேல் அவனுக்கு வந்த பொறாமையில் கண் கலங்கியது. நன்றி கெட்ட அழுகை என்று அவனுக்கே தெரிந்தது. பதிலுக்கு ஒரு வார்த்தை அனுப்ப நினைத்துத் தட்டினான், அழித்தான், மறுபடி தட்டினான். கடைசியில், வீடு போய்ச் சேர்ந்த பிறகு, 'வர்ஷா சாப்பிட்டாச்சு' என்று அனுப்பினான்.

இளமதி வெயிலில் கறுத்துத் திரும்பி வந்தாள். வந்த வாரமே ஆபீஸில் பேசினாள். முன்பொரு காலத்தில் தீவில் ஆழத் துளைபோட்டுப் பார்த்ததையும், தங்கள் மலையும் கடலும் கெட்டுப்போகும் என்று ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றதையும் சொன்னாள். அவள் தடுமாறட்டும் என்றே கபிலன் அந்தத் துளைகளின் சூட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டான். அவள் தடுமாறாமல் பதில் சொல்லிவிட்டு, "இந்தத் தீவைப் பத்தி எனக்கு முதல்ல சொன்னதே கபிலன்தான்" என்று எல்லாரிடமும் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சனிக்கிழமை காலை, வர்ஷா நடன வகுப்புக்குப் போயிருந்தாள். இளமதி மூங்கில் கழியில் துணி காயவைத்துக்கொண்டிருந்தாள். கபிலன் கிளிப்புகளை எடுத்துக் கொடுத்தான்.

"நான் உண்மையைத்தான் சொன்னேன்" என்றான். அவள் கேட்காமலே வந்த பதில் அது.

"உண்மைதான்" என்றாள் இளமதி. "யாருக்காகச் சொன்ன?"

அவன் அடுத்த கிளிப்பை எடுத்து நீட்டினான்.

"எனக்காகச் சொல்லியிருந்தா என்கிட்டயே சொல்லியிருப்ப. தங்கராஜு சார் கூப்பிட்டு, 'உடம்பைப் பாத்துக்கங்க'ன்னு சொன்னப்போ எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அஞ்சு வருஷம் வீட்ல இருந்தவ, மறுபடியும் வீட்லயே இரு அப்படின்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

"எனக்கு அந்தத் தீவுன்னா எவ்ளோன்னு உனக்குத் தெரியும்ல மதி? நான் வந்து உன்கிட்ட கேட்டிருந்தா விட்டுக் குடுத்திருப்பியா?"

இளமதி ஈரச்சட்டையை உதறினாள். "மாட்டேன். ஆனா நீ கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா சண்டை போட்டிருப்போம், அதோட போயிருக்கும்."

கீழே எங்கோ ஒரு பேருந்து பெருமூச்சு விட்டு நின்றது.

"இன்னொண்ணும் கேளு. ஜாவா முழுக்க எரிமலைதான், இங்கேர்ந்து ஃப்ளைட்ல ரெண்டு மணி நேரம். எத்தனை தடவை போலாம்னு கூப்பிட்டேன்? ப்ராஜெக்ட்டுன்ன, அப்பாவுக்கு ஆபரேஷன்ன, அடுத்த வருஷம்ன. உனக்கு எரிமலை வேணும்னா எப்பவோ பாத்திருக்கலாம் கபி. நான் பாத்ததுதான் உனக்கு ஆகல."

கழியைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே மாட்டிவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள். கபிலன் கையில் கிளிப்புகளோடு நின்றான். கோபப்பட ஏதாவது கிடைக்குமா என்று தேடினான். ஒன்றும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு பல நாள் வீட்டில் தேவைக்குத்தான் பேச்சு. பூசலாகவும் இல்லை, சமாதானமாகவும் இல்லை. மழைக்காலம் வந்து போயிற்று.

செம்பவாங் பக்கம் ஆழத் துளைபோடும் வேலை கம்பெனிக்குக் கிடைத்தது. பொறுப்பு இளமதிக்கு. அங்கே கோர் பார்க்க அனுபவமுள்ள ஆள் வேண்டும். தங்கராஜு கபிலனிடம் கேட்கத் தயங்கி, வேறு இரண்டு பேரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். கபிலன் தானே அவர் அறைக்குப் போனான்.

"நான் போறேன் சார்."

"மனைவிக்குக் கீழ வேலை லா. பரவாயில்லையா?"

"அவளுக்கு அந்த இடம் தெரியும். எனக்குப் பாறை தெரியும்." சொல்லிவிட்டு, இன்னும் ஏதோ பாக்கி இருப்பதுபோல நின்றான். "அந்த மூச்சு விஷயம் சார்... நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவளுக்கு ஒண்ணும் இல்லன்னு எனக்கு நல்லாவே தெரியும்."

தங்கராஜு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியும் கபிலன்" என்றார்.

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். தலைக்கவசம் மாட்டிய இளமதி துளை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று ஆட்களுக்குக் கை காட்டும்போதெல்லாம் அது தலைதூக்கிப் பார்த்தது. ஆபீஸிலிருந்து யாராவது வந்து அவளைப் படம் எடுத்தால், கபிலனுக்குத் திடீரென்று பெட்டிகளில் எழுத வேண்டியது நிறைய இருக்கும். ஆனாலும் தினமும் அவளோடு ஒரே பேருந்தில்தான் போனான், வந்தான்.

ஒருநாள் ஆழத்திலிருந்து வந்த கருங்கல் கோரை எடுத்தபோது அது இளஞ்சூடாக இருந்தது. இத்தனை வருடத்தில் அவன் தொட்ட கோர் எல்லாம் குளிர்ந்தவை. யாரையும் கூப்பிடாமல் கொஞ்ச நேரம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு இளமதியைக் கூப்பிட்டான். அவள் கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

மதியம் கூடாரத்தின் நிழலில் பொட்டலத்தைப் பிரித்து, நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு சாப்பிட உட்கார்ந்தார்கள். கபிலன் நெத்திலியை ஒதுக்கி அவள் பக்கம் தள்ளினான்.

"மதி, அந்தப் பள்ளத்துக்குள்ள மொதல் அடி வெச்சப்போ எப்படி இருந்துச்சு?"

இளமதி நிமிர்ந்து பார்த்தாள். திரும்பி வந்து இத்தனை மாதத்தில் அவன் இதைக் கேட்டதே இல்லை.

"சொல்லுவேன். உனக்கு வயித்தெரிச்சலா இருக்கும்."

"இருக்கட்டும். சொல்லு."

அவள் விரலைத் துடைத்துக்கொண்டாள். "மேல விளிம்புல நிக்கியான்னு ஒரு ஊர். அங்க வீடுங்க ஒரு பக்கம் கடலைப் பாக்கும், இன்னொரு பக்கம் பள்ளத்தைப் பாக்கும். பூனை தூங்குது, ஒரு கிழவர் நாற்காலி போட்டுக் காபி குடிக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னாடி அவ்ளோ பெரிய பள்ளம். அங்கேர்ந்து இறங்குறோம். உள்ள போகப்போக காத்தே இல்ல. அழுகின முட்டை நாத்தம். தரை வெள்ளையா, வேகவெச்ச மாவு மாதிரி. கால் வெச்சா உள்ள காலியா இருக்கிற மாதிரி டொம்முனு ஒரு சத்தம். எனக்கு நடக்கவே பயம். ஓட்டு மேல நடக்கிறோம், கீழ ஒருத்தன் முழிச்சிட்டுத்தான் இருக்கான்னு..."

கபிலனுக்கு எரியத்தான் செய்தது. அவன் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான்.

"சூடு சோல் வழியாத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. நீ சொன்ன மாதிரியே."

துளை இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. மிச்சத்தை அவள் கத்திக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.